கதவு எண் யாருக்குச் சொந்தம்? மணமேல்குடி கடையில் ஒரு ரவுட்டர்

இந்த வாரக் கதை மணமேல்குடியில ஒரு கடைக்குள்ள ஆரம்பிக்குது. கிழக்குக் கடற்கரைச் சாலையில எங்க அக்கா வெச்சிருக்கிற கடை. வலை, கயிறு, மிதவை, படகு இன்ஜினுக்கான சாமான்னு விப்பாங்க. அத்தான் சிங்கப்பூர்ல இருக்கார். பொங்கல் லீவுக்கு நான் ஊருக்குப் போனப்ப அவர்கிட்ட இருந்து ஒரே ஒரு வேலை வந்துச்சு: "தம்பி, கடையில கேமரா மாட்டியாச்சு. இங்க இருந்தே போன்ல பாக்குற மாதிரி பண்ணிக் குடுத்துட்டுப் போ."

நான் சென்னையில நெட்வொர்க் வேலை பாக்குறவன். அரை மணி நேர வேலைன்னு நினைச்சேன். ரெண்டு நாள் ஆச்சு. ரெண்டாவது நாள் சாயங்காலம் எனக்குப் புரிஞ்சது இது: நான் முட்டிக்கிட்டு நின்னது அந்தக் கடையில இருந்த பெட்டியோட பிரச்சினையில இல்ல. 1970-கள்ல அமெரிக்காவில எடுத்த சில முடிவுகள்ல. அந்த முடிவுகளோட வரலாறுதான் இன்னைக்கு நாம பேசப்போறது.

முதல்ல முதல் நாள் கூத்தைச் சொல்லிடறேன். ஃபைபர் இணைப்பு குடுத்தவங்க சுவத்துல ஒரு பெட்டி மாட்டியிருந்தாங்க. அதோட வைஃபை பின்பக்க குடோன் வரைக்கும் எட்டல. அதனால நான் இன்னொரு ரவுட்டர் வாங்கிட்டுப் போய் அதுக்குப் பின்னால மாட்டினேன். விளக்கெல்லாம் பச்சையா எரியுது, நெட் மட்டும் வரல. வயரை மாத்திப் பார்த்தேன், ஆஃப் பண்ணி ஆன் பண்ணிப் பார்த்தேன். இத்தனை வருஷம் இந்த வேலையில இருக்கிறவன் முதல்ல பார்க்க வேண்டியதைக் கடைசியாத்தான் பார்த்தேன். ஃபைபர் பெட்டியோட உள்பக்க முகவரி 192.168.1.1. நான் வாங்கின ரவுட்டரோட உள்பக்க முகவரியும் 192.168.1.1. அதோட வெளிப்பக்க இன்டர்ஃபேஸுக்கு ஃபைபர் பெட்டி 192.168.1.4-னு ஒரு முகவரியைக் குடுத்திருக்கு.

இது ஏன் வேலை செய்யாது? "வெளிய போகணும்னா 192.168.1.1-கிட்ட கேளு"ன்னு ரவுட்டருக்குச் சொல்லப்பட்டிருக்கு. ஆனா 192.168.1.1-ங்கிறது அதேதான். தன் வாசலைத் தானே தட்டிட்டு நிக்குது. ரவுட்டரோட உள்பக்க முகவரியை 192.168.50.1-னு மாத்தினேன், உடனே நெட் வந்துருச்சு. பெரிய நிறுவனங்கள் வாங்குற சிஸ்கோ மாதிரி ரவுட்டர்ல இந்தத் தப்பைப் பண்ணவே விடாது. ரெண்டாவது இன்டர்ஃபேஸுக்கு அதே நெட்வொர்க்ல முகவரி குடுத்தா, ஏற்கனவே இன்னொரு இன்டர்ஃபேஸோட இது மோதுதுன்னு சொல்லி அந்த வரியையே தள்ளிடும். கடையில வாங்குற மலிவு ரவுட்டர்ல சிலதுக்குத்தான் அந்தப் புத்தி இருக்கு.

அக்கா பக்கத்துல உக்காந்து எல்லாத்தையும் பார்த்துட்டு இருந்தாங்க. "ஏன்டா தம்பி, பெட்டி ஒண்ணுதானே? அதுக்கு எதுக்கு ரெண்டு நம்பர்?"

நல்ல கேள்வி. எங்க பக்கத்து ஆளுங்களுக்கு இதுக்குப் பதில் சொல்றது சுலபம். காரைக்குடிப் பக்கம் செட்டிநாட்டு வீடுகளைப் பார்த்திருப்பீங்க. முன்வாசல் ஒரு தெருவுல இருக்கும், முகப்பு, வளவு, கட்டுன்னு உள்ள போய்க்கிட்டே இருந்தா பின்வாசல் அடுத்த தெருவுல திறக்கும். முன்தெருக்காரன் அந்த வீட்டை ஒரு கதவு எண்ணை வெச்சுத் தேடுவான், பின்தெருக்காரன் வேற எண்ணை வெச்சு. ரவுட்டர் அப்படி ஒரு வீடு. முகவரி வீட்டுக்கு இல்ல, வாசலுக்கு. அந்த வாசலுக்குத்தான் இன்டர்ஃபேஸ்னு பேர். ரெண்டு வாசலும் ஒரே தெருவுல இருக்குன்னு நீங்க எழுதி வெச்சா, வர்ற தபாலை எந்தப் பக்கம் தள்ளுறதுன்னு வீட்டுக்காரருக்கே தெரியாது.

சரி, முகவரி வாசலுக்குத்தான்னு யார் முடிவு பண்ணாங்க? இங்கதான் கதை பின்னால போகுது.

1969-ல அமெரிக்க ராணுவ அமைச்சகத்தோட பணத்துல அர்ப்பாநெட் ஆரம்பிச்சப்ப, ஒவ்வொரு இடத்துலயும் ஐஎம்பின்னு ஒரு பெட்டி வெச்சாங்க. இன்னைய ரவுட்டருக்குத் தாத்தா. குளிர்சாதனப் பெட்டி அளவு இருக்கும். பல்கலைக்கழகத்தோட பெரிய கம்ப்யூட்டர் அதுல ஒரு துளையில வந்து மாட்டிக்கும். அந்தக் கம்ப்யூட்டரோட முகவரி என்ன? எந்த ஐஎம்பி, அதுல எத்தனாவது துளை. அவ்வளவுதான். ஒரு ஐஎம்பிக்கு அதிகபட்சம் நாலு கம்ப்யூட்டர்னு இருந்த காலம், அதனால யாருக்கும் இது உறுத்தல.

1972-ல ஒரு சிக்கல் வந்ததுன்னு அந்தக் காலத்துல அர்ப்பாநெட்ல வேலை பார்த்த ஜான் டே எழுதியிருக்கார். ஓக்லஹோமாவில இருக்கிற டிங்கர் விமானப்படைத் தளம், "ஒரு இணைப்பு அறுந்தா இன்னொண்ணு இருக்கட்டும்"னு ரெண்டு ஐஎம்பியோட இணைப்பு கேட்டிருக்கு. நியாயமான ஆசை. ஆனா கம்ப்யூட்டரோட முகவரிதான் துளையோட முகவரியாச்சே. ரெண்டு துளையில மாட்டின ஒரே கம்ப்யூட்டர், மத்த எல்லாருக்கும் ரெண்டு தனித்தனி கம்ப்யூட்டரா தெரியும். ஒரு துளை அறுந்தா, அந்த முகவரிக்கு வந்துட்டு இருந்ததெல்லாம் வீண். முகவரியைப் பெட்டிக்குக் குடுக்கணும், துளைக்கு இல்லைன்னு இதுல இருந்து பாடம் படிச்சிருக்கணும்ங்கிறது டேயோட பல வருஷ வாதம். நானும் அவர் கட்சிதான். ஆனா இணையம் அந்தப் பாடத்தைப் படிக்கல. வின்ட் செர்ஃப், பாப் கான் ரெண்டு பேரும் பல நெட்வொர்க்குகளை இணைக்கிற வழியை 1974 மே மாசம் கட்டுரையா வெளியிட்டாங்க. 1981 செப்டம்பர்ல ஆர்எஃப்சி 791 ஐபிவி4-ஐ வரையறுத்துச்சு. 1983 ஜனவரி 1 அன்னைக்கு அர்ப்பாநெட் முழுசா அதுக்கு மாறிடுச்சு. முகவரி இன்டர்ஃபேஸ்லயே ஒட்டிட்டு இருந்துச்சு. பின்னால 1995-ல ஐபிவி6-ஓட முகவரி அமைப்பை எழுதினப்பவும் அதே கதைதான்: முகவரி இன்டர்ஃபேஸுக்கு, இயந்திரத்துக்கு இல்ல.

இன்னொரு முடிவும் அந்தக் காலத்துல எடுக்கப்பட்டது. முகவரி எவ்வளவு நீளம்? 1974 கட்டுரையில நெட்வொர்க் எண்ணுக்கு 8 பிட் ஒதுக்கியிருந்தாங்க. உலகத்துல மொத்தம் 256 நெட்வொர்க், அது கொஞ்ச காலத்துக்குத் தாங்கும்னு நினைப்பு. 1977-ல மொத்த நீளம் 32 பிட்னு முடிவு பண்ணது தான்தான்னு செர்ஃப் பல மேடைகள்ல சொல்லியிருக்கார். அது ஒரு பரிசோதனைக்குன்னு நினைச்சு எடுத்த முடிவு. 32 பிட்டுன்னா சுமார் 429 கோடி முகவரி. அன்னைக்கு உலக மக்கள்தொகையே சுமார் 420 கோடிதான். ஆளுக்கு ஒண்ணு வருதே, போதாதா? போதும், முகவரி ஆளுக்கு இருந்தா. வாசலுக்கு இல்ல குடுக்கிறாங்க! எங்க அக்கா கடையில மட்டும் ரெண்டு பெட்டி, நாலு வாசல், கேமரா, மூணு போன்.

அதுக்கு மேல, இருந்ததைப் பங்கு போட்ட விதம் ஒண்ணு இருக்கு. ஆரம்பத்துல மூணே சைஸ்தான். ஏ வகுப்பு வாங்கினா ஒரு கோடியே 67 லட்சம் முகவரி. பி வகுப்புன்னா 65,536. சி வகுப்புன்னா 256. ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகம் 36-ல ஆரம்பிக்கிற ஒரு முழு ஏ வகுப்பை வெச்சிருந்தது. எம்ஐடிக்கு 18-ல ஆரம்பிக்கிற ஏ வகுப்பு.

ஸ்டான்ஃபோர்டை இங்க கொஞ்சம் நின்னு பார்க்கணும். நாம ரவுட்டர்ல முகவரிக்குப் பக்கத்துல இன்னைக்கும் தட்டுற 255.255.255.0-க்கும் அந்த ஊருக்கும் தொடர்பு இருக்கு. பல்கலைக்கழகத்துக்குள்ள துறைக்கு ஒரு ஈதர்நெட்னு முளைச்சிட்டு இருந்த நேரம். வெளிய இருந்து பார்த்தா எல்லாம் ஒரே நெட்வொர்க், எண் 36. உள்ள பார்த்தா பல தெரு. வெளி உலகத்தைத் தொந்தரவு பண்ணாம உள்ளுக்குள்ள தெரு பிரிக்கிறது எப்படி? ஸ்டான்ஃபோர்டைச் சேர்ந்த ஜெஃப்ரி மோகல் 1984-ல ஒரு வழி எழுதினார். 1985 ஆகஸ்ட்ல அவரும் ஜான் போஸ்டலும் சேர்ந்து எழுதின ஆர்எஃப்சி 950-ல அது முறையான விதியாச்சு. அதுதான் சப்நெட் மாஸ்க். முகவரியோட எந்தப் பகுதி தெரு, எந்தப் பகுதி கதவுன்னு கோடு போட்டுக் காட்டுற இன்னொரு எண். 255 இருக்கிற இடம் தெரு, 0 இருக்கிற இடம் கதவு. மாஸ்க் இல்லாத முகவரியை ரவுட்டரால ஒண்ணும் பண்ண முடியாது.

அதே ஸ்டான்ஃபோர்ட்ல துறைகளோட நெட்வொர்க்கை இணைக்க வில்லியம் யேகர் எழுதின ரவுட்டர் மென்பொருள்தான், 1984 டிசம்பர்ல லெனர்ட் போஸாக், சாண்டி லெர்னர் தம்பதி தொடங்கின சிஸ்கோ கம்பெனிக்கு அடித்தளமாச்சு. 1987-ல பல்கலைக்கழகம் அதுக்கு உரிமமும் குடுத்துச்சு. நெட்வொர்க் படிக்கிற எல்லாப் பசங்களும் முதல் வாரத்துல தட்டுற "ஐபி அட்ரஸ்", மாஸ்க், "நோ ஷட்டவுன்"ங்கிற கட்டளைகள் சிஸ்கோவோடதுதான். கடைசிக் கட்டளை தெரியாம எத்தனை பேர் மணிக்கணக்கா முழிச்சிருப்பாங்க! சிஸ்கோ ரவுட்டர்ல முகவரி குடுத்தா மட்டும் வாசல் திறக்காது. "மூடாதே"ன்னு தனியா சொல்லணும்.

இப்ப நம்ம நாட்டுக்கு வருவோம். 1986-ல இந்திய அரசோட மின்னணுத் துறை, ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டத்தோட உதவியோட எர்நெட்ங்கிற கல்வி ஆராய்ச்சி நெட்வொர்க்கைத் தொடங்குச்சு. அஞ்சு ஐஐடி, பெங்களூர் ஐஐஎஸ்சி, பம்பாயில இருந்த தேசிய மென்பொருள் தொழில்நுட்ப மையம், டெல்லியில மின்னணுத் துறை, ஆக எட்டு இடம். சென்னை ஐஐடியும் அதுல ஒண்ணு. பம்பாய் மையத்தோட இயக்குநரா இருந்த ஸ்ரீனிவாசன் ரமணியை 2014-ல இன்டர்நெட் ஹால் ஆஃப் ஃபேம்ல சேர்த்தாங்க. டயல் பண்ணி மெயில் அனுப்புறதுல ஆரம்பிச்சு, அப்புறம் ஊருக்கு ஊர் 9.6 கிலோபிட் வாடகைக் கம்பி. உங்க போன்ல ஒரு செல்ஃபி போற நேரத்துக்கு அன்னைக்கு டீ குடிச்சுட்டு வந்திடலாம். இதுல இன்னொரு விஷயம், எர்நெட் ஆரம்பத்துல ஐபியை மட்டும் நம்பல. ஓஎஸ்ஐன்னு ஒரு போட்டி முறையும் கூடவே ஓடுச்சு. ஐரோப்பிய அரசுகளும் தொலைபேசித் துறைகளும் ஆதரிச்ச முறை அது. 1990-களோட நடுவுலதான் ஐபி முழுசா ஜெயிச்சது.

எர்நெட்டுக்குக் கிடைச்ச முகவரி 144.16-ல ஆரம்பிக்கிற ஒரு பி வகுப்பு. 65,536 முகவரி. அதைத்தான் மோகல் சொன்ன மாதிரி மாஸ்க் போட்டு வெட்டி, நிறுவனத்துக்கு ஒரு துண்டுன்னு குடுத்தாங்க. எம்ஐடிங்கிற ஒரே பல்கலைக்கழகத்துக்கு இதைப் போல 256 மடங்கு இருந்துச்சுங்கிறதை நினைச்சுப் பாருங்க. யாரும் நம்மளை ஏமாத்தலை. கேட்டவங்களுக்குக் குடுத்தாங்க, அவங்க முதல்ல கேட்டாங்க, அவ்வளவுதான். ஆனா 2017-ல எம்ஐடி, தன்கிட்ட ஒரு கோடியே 40 லட்சம் முகவரி பயன்படாம கிடந்ததுன்னு சொல்லி, 80 லட்சத்துக்குக் குறையாம விக்கப்போறதா அறிவிச்சது. வாங்கினதுல அமேசானும் உண்டு. ஸ்டான்ஃபோர்ட் பரவால்ல, 2000-லயே முழு 36-ஐயும் காசு வாங்காம திருப்பிக் குடுத்துருச்சு. பத்து வருஷம் கழிச்சு 2010-ல அந்த 36 ஆசிய-பசிபிக் பகுதிக்கு வந்துச்சு.

பொதுமக்களுக்கு இணையம் வந்தது 1995 ஆகஸ்ட் 15, விஎஸ்என்எல் வழியா. அப்ப ரெண்டு விதக் கணக்கு இருந்துச்சு. விலை கூடினது டிசிபி ஐபி கணக்கு. குறைஞ்ச விலையில ஷெல் கணக்கு. ஷெல் கணக்குல உங்க கம்ப்யூட்டருக்கு ஐபி முகவரியே கிடையாது. விஎஸ்என்எல்லோட கம்ப்யூட்டர்தான் இணையத்துல இருக்கும், நீங்க போன் போட்டு அதோட திரையைத் தூரத்துல இருந்து எட்டிப் பார்க்கலாம், எழுத்து மட்டும். வாசல் அவங்களோடது. இதை ஞாபகம் வெச்சுக்கோங்க.

முகவரி தீரப்போகுதுங்கிற பயம் 1990-கள் தொடக்கத்துலயே வந்துருச்சு. ரெண்டு ரவுட்டரை ஒரு கம்பியால இணைச்சா, அந்தக் கம்பிக்குன்னே நாலு முகவரி செலவாகும். இந்தப் பக்கத்து இன்டர்ஃபேஸுக்கு ஒண்ணு, அந்தப் பக்கத்துக்கு ஒண்ணு, தெருவோட பேருக்கு ஒண்ணு, "எல்லாரும் கேளுங்க"ன்னு கூவுறதுக்கு ஒண்ணு. ரெண்டே பேர் இருக்கிற தெருவுல எதுக்குக் கூவணும்? அதை நிறுத்தி ரெண்டு முகவரியிலயே முடிக்கலாம்னு விதி வர்றதுக்கு 2000 டிசம்பர் ஆச்சு. அந்த அளவுக்குச் சிக்கனம். 1993-ல ஏ, பி, சி வகுப்புகளையே எடுத்துட்டு வேண்டிய அளவுக்கு வெட்டிக் குடுக்க ஆரம்பிச்சாங்க.

பெரிய திருப்பம் 1994. அந்த வருஷம் மார்ச்ல, வெளிய தெரியாத நெட்வொர்க்குகளுக்கு யார் வேணும்னாலும் எடுத்துக்கலாம்னு சில முகவரிகளை ஒதுக்கினாங்க. 10-ல ஆரம்பிக்கிறது, 192.168-ல ஆரம்பிக்கிறது, இந்த மாதிரி. அந்த 10 யாரோடதுன்னா, அர்ப்பாநெட்டோட சொந்த எண். 1990-ல அர்ப்பாநெட்டை மூடினதும் சும்மா கிடந்த எண்ணைப் பொதுச் சொத்தாக்கிட்டாங்க. ஜூலையிலயே நாலு பேர் சேர்ந்து பதிலுக்கு ஒரு ஆர்எஃப்சி எழுதினாங்க. முகவரின்னா உலகத்துக்கே ஒண்ணுங்கிற அடிப்படையையே இது உடைக்குது, இது கெடுதல்னு. அவங்க சொன்னது சரி. ஆனா அவங்க தோத்தாங்க. 1996 பிப்ரவரியில ஆர்எஃப்சி 1918 வந்து, 192.168 உலகத்தோட எல்லா வீட்டுக்குள்ளயும் புகுந்துருச்சு. உள்பக்கத் தனி முகவரியை வெளிப்பக்கப் பொது முகவரியா மாத்திக் குடுக்கிற நாட் முறையும் அதே 1994 மே மாசம் வந்ததுதான். குறுகிய காலத் தீர்வுன்னு அந்த ஆவணமே தன்னைப் பத்தி எழுதியிருக்கு. முப்பது வருஷம் தாண்டியாச்சு.

2011 பிப்ரவரி 3-ம் தேதி உலகப் பொதுக் கிடங்குல ஐபிவி4 முகவரி தீர்ந்துச்சு. ஏப்ரல் 15-ல நம்ம ஆசிய-பசிபிக் பகுதியிலயும் ரேஷன் வந்துருச்சு. அதே வருஷம் அக்டோபர்லதான் இந்தியாவோட எல்லாக் கிராம ஊராட்சிக்கும் ஃபைபர் இழுக்கிற திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் குடுத்துச்சு. பின்னால பாரத்நெட்னு பேர் மாறின திட்டம். தமிழ்நாட்டுல மட்டும் 12,525 ஊராட்சி. கம்பி வர்றதுக்குள்ள கதவு எண் தீர்ந்துபோச்சு. இன்னைக்கு 140 கோடி பேருக்கு இந்தியாகிட்ட இருக்கிறது சுமார் 4 கோடி ஐபிவி4 முகவரி.

இப்ப திரும்ப அக்கா கடை, ரெண்டாவது நாள். கேமரா பெட்டிக்கு நிலையான உள்முகவரி குடுத்து, ரெண்டு ரவுட்டர்லயும் வழி திறந்துவிட்டேன். வெளி முகவரியைப் பார்த்து அத்தானுக்கு அனுப்பினேன். அவருக்குத் திறக்கல. திரும்பத் திரும்ப முயற்சி பண்ணோம். கடைசியில ஃபைபர் பெட்டியோட வெளிப்பக்க இன்டர்ஃபேஸைத் திறந்து பார்த்தேன். வெளி உலகத்துக்குத் தெரியுற முகவரி அதுல இல்ல. 100.72-னு ஆரம்பிக்கிற ஒண்ணு இருந்துச்சு.

100.64-ல இருந்து 100.127 வரைக்கும் இருக்கிற 41 லட்சத்துச் சொச்சம் முகவரியை 2012 ஏப்ரல்ல ஆர்எஃப்சி 6598 தனியா ஒதுக்குச்சு. இணைப்பு குடுக்கிற கம்பெனிகள், வாடிக்கையாளர்களைக் கும்பலா ஒரே பொது முகவரிக்குப் பின்னால நிறுத்துறதுக்கு. எங்க கடைக்கும் வெளி உலகத்துக்கும் நடுவுல இன்னொரு நாட் பெட்டி, எங்கயோ, யார் கையிலயோ இருக்கு. அதுல வழி திறந்துவிட எனக்குச் சாவி இல்ல. நாம வெளிய போகலாம், ஆனா நம்மளைத் தேடி யாரும் உள்ள வர முடியாது. 1995 ஷெல் கணக்கு அளவுக்கு மோசமில்ல, ஆனா சொந்தக்காரங்கதான்.

இணைப்பு குடுத்தவங்களுக்குப் போன் போட்டேன். தனிப் பொது முகவரி வேணும்னா வருஷத்துக்குத் தனிக் கட்டணம்னாங்க. அவங்களும் காசு குடுத்து வாங்கிதான் விக்கிறாங்க. அக்கா, "வலைக்குக் காசு கேட்டா குடுக்கலாம். நம்பருக்கெல்லாமா காசு?"ன்னாங்க.

இன்னொரு வழியும் இருந்துச்சு. அதே ஃபைபர் பெட்டியில ஐபிவி6 பக்கத்தைத் திறந்தா, 2401-ல ஆரம்பிக்கிற உண்மையான பொது முகவரிகள் கத்தை கத்தையா வந்திருக்கு. 128 பிட் நீளம், அந்த ஒரு கடைக்கு வந்ததே மொத்த ஐபிவி4 உலகத்தை விடப் பல மடங்கு பெரிசு. இதுல இந்தியா பின்தங்கல. 2016-ல ஜியோ வந்தப்ப அவ்வளவு பேருக்கும் ஐபிவி4 எங்க போறது? ஐபிவி6-ல இறங்கினாங்க. இன்னைக்கு இந்தியாவில பாதிக்கு மேல பேர் தெரியாமலேயே ஐபிவி6 பயன்படுத்துறாங்க. சந்தோஷமா கேமரா பெட்டியோட செட்டிங்கைத் திறந்தேன். ஐபிவி4-க்கு மட்டும்தான் இடம் இருந்துச்சு.

கடைசியில கேமரா கம்பெனியோட ஆப் வழியாத்தான் முடிஞ்சது. கடையில இருக்கிற பெட்டி தானா வெளிய போய் எங்கேயோ இருக்கிற அவங்க சர்வரைப் பிடிச்சுக்கும், அத்தானோட போனும் அதே சர்வருக்குப் போகும், ரெண்டும் அங்க சந்திக்கும். இதை அக்காகிட்ட விளக்கினேன். கொஞ்ச நேரம் பேசல.

"அப்ப நம்ம கடையை நாம பாக்குறதுக்கு அடுத்தவன் வீட்டுக்குள்ள பூந்துதான் வரணுமா?"

"ஆமாக்கா."

ரெண்டு ரவுட்டரோட உள்முகவரியையும் மாஸ்க்கையும் மார்க்கர்ல ஒரு அட்டையில எழுதி, பெட்டிக்குக் கீழ ஒட்டிட்டு வந்தேன், அடுத்து யாராவது வந்து மாட்டினா முதல் நாள் நான் பட்ட பாடு படக்கூடாதுன்னு. பஸ் அறந்தாங்கி தாண்டும்போது அத்தான் கூப்பிட்டார். படம் நல்லா தெரியுதாம். என்ன, ரெண்டு செகண்ட் லேட்டா வருதாம்.